பாலத்தடியில் சொன்ன ‘போயிட்டு வரேன்’

இந்த வெள்ளைக்கார ஊரில் நடப்பதற்குக்கூடப் படிவம் நிரப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக மூர் மேல் ஏறி, ஆற்றோரமாக இறங்கி வரும் ஒரு நாள் நடைக்குப் பெயர் கொடுத்திருந்தேன். மூர் என்பது மரமே இல்லாத மேட்டு நிலம். புதரும் சேறும் காற்றும்தான். வழிகாட்டி ஹெலன் நீட்டிய தாளில், ஆபத்தென்றால் யாருக்குச் சொல்வது என்று ஒரு கட்டம். ஆறு வருடமாக இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அந்தக் கட்டத்தில் எழுத உள்ளூரில் ஓர் ஆள் இல்லை. காஞ்சிபுரத்தில் தனியாக இருக்கும் அம்மாவின் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு வேலிக் கதவைத் தாண்டும்போதும் ஹெலன் தலைகளை எண்ணினாள். என்னோடு பன்னிரண்டு. கருட சேவைக் கூட்டத்தில் நசுங்கி வளர்ந்தவனுக்கு இது சிரிப்பாக இருந்தது. அங்கே யார் யாரை எண்ணினார்கள்? மூன்று மணி நேரம் சேற்றில் கால் புதைந்து புதைந்து, ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது என் முட்டி விட்டுப்போயிற்று. அக்கரையில் பஸ் நிறுத்தம் தெரிந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார, நான் ஹெலனிடம் போய், “ஐ வில் கோ அண்ட் கம்” என்றேன். “டேக் யுவர் டைம்” என்று சிரித்தாள். புதர் மறைவுக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். நானோ மரியாதையாக விடைபெற்ற திருப்தியில் பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ‘போறேன்’ என்று சொன்னால் அம்மா வாசலிலேயே நிறுத்துவாள். “போயிட்டு வரேன்னு சொல்லுடா, வாயி வலிக்குதா?” விமான நிலையத்துக்குக் கிளம்பிய அன்றும் சொல்ல வைத்தாள். சொன்னேன். அதற்கப்புறம் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. லீவு, விசா என்று காரணத்துக்கா பஞ்சம்?

அறைக்கு வந்து, செத்துக் கிடந்த செல்லை சார்ஜில் போட்டதும் அது அடித்தது. அம்மா. ஊரில் விளக்கு வைக்கிற நேரம்.

“எங்கடா இருக்கிற?”

“ரூம்லதாம்மா.”

“வெள்ளக்காரப் பொம்பள ஒண்ணு உன் பேரயே சொல்லிக்கினு இருந்துது. ரிவரு, ரிவருன்னுது. எதிர்வூட்டுப் பொண்ணாண்ட போனக் குடுத்தேன். உன்ன ஆத்தாண்ட காணோம்னு தேடிக்கினு இருக்காங்களாம்.”

அம்மாவே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏம்பா, அந்த ஆத்துல தண்ணி இருக்குதா?”

பாலாற்று மணலில் நடந்தே அக்கரை போய் வந்தவள் கேட்ட கேள்வி. என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

உடனே ஹெலனைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் என்னைத் தேடி மறுபடியும் மூர் மேல் ஏறியிருந்தார்கள். மற்றவர்கள் மழையில் ஆற்றோரமே நின்றிருந்தார்கள். அவள் திட்டவில்லை. “திரும்பி வருவேன் என்று சொன்னீர்களே, அதனால் காத்திருந்தோம்” என்றாள். “இனிமேல் ‘ஐ ஆம் கோயிங் ஹோம்’ என்று சொல்லுங்கள், போதும்.”

மறுபடி அம்மாவைக் கூப்பிட்டு நடந்ததை விளக்கினேன். “போயிட்டு வரேன்னு சொன்னத நெசம்னு நம்பிட்டாங்கம்மா.” சிரிப்பாள் என்று பார்த்தேன்.

“சொன்னா நம்ப மாட்டாங்களா? நானுந்தான் நம்பிக்கினு இருக்கிறேன்” என்றாள்.

மறு மாதம் மறுபடியும் அதே நடைக்குப் போனேன். அதே பாலம், அதே முட்டி வலி. அக்கரையில் பஸ் வந்து நின்றது. ஹெலனிடம் போய் “ஐ ஆம் கோயிங்” என்று ஆரம்பித்தேன். ‘ஹோம்’ என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டு நடந்தாள். நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.