வலப்பக்கக் கண்ணாடி

எதிர்வீட்டுக்காரர் கார் ஓட்டுவதை விட்டதற்கு நான்தான் காரணம். அதைப் பல மாதங்கள் மறைத்தேன்.

கூடுவாஞ்சேரியில் மனை பார்க்க நான் அவருடைய காரை இரவல் வாங்கிப் போனபோது, ஒரு லாரி உரசி வலப்பக்கக் கண்ணாடி உடைந்தது. தாம்பரத்தில் கடைக்காரர், "கம்பெனி கண்ணாடி வர ஒரு வாரமாகும் சார். லோக்கல்னா இப்பவே மாட்டிடலாம்" என்றார். எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியாமல் முடிக்க நினைத்து மாட்டச் சொன்னேன். பின்னால் வரும் வண்டிகளை அது உள்ளதைவிடத் தள்ளிக் காட்டுவதை வழியிலேயே கவனித்தேன். ஆனாலும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வலப்பக்கம் ஒதுங்கியபோது அவர் ஒரு ஸ்கூட்டரை இடித்துவிட்டார். ஓட்டிவந்த பெண்ணுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

"வண்டி தூரத்துல வருதுன்னு நெனச்சேன் சார். கண்ணு போச்சு. இனி வண்டியத் தொடமாட்டேன்" என்றார்.

"வயசாகுதில்ல" என்றேன்.

கடைசியில் கம்பெனி கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவிதான் பேசினார்: "கண் டாக்டர்கிட்ட நீங்கதானே சார் கூடப் போனீங்க? கண்ணு நல்லாருக்குன்னு டாக்டர் சொன்னப்பகூட வாயத் திறக்கலியே!"

எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியை வாங்கி வண்டியில் மாட்டினார். அந்த ஞாயிறே மனைவியோடு காரில் கிளம்பினார். என்னோடு மட்டும் பிறகு பேசவேயில்லை.