கை தூக்கிய கரியப்பன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஓசூரில் எங்கள் கம்பெனி முழுக்கத் தெரியும். கரியப்பன் பேச்சை எடுத்தால் அது இன்னும் ஏறும். ஆனால் அந்தக் கோபம் அவன்மேல் இல்லை.

2004இல் நாங்கள் இருவரும் கம்பெனியில் ஒரே ஷாப்பில், அதாவது ஒரே பிரிவில், காண்ட்ராக்ட் ஆட்கள். நான் மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அவனுக்குக் கெலமங்கலத்தை ஒட்டிய ஊர். பெற்றவர்கள் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாப்புகளுக்குள் டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கும். வெளி அம்பயர் எல்லாம் கிடையாது. எந்த டீம் பேட்டிங்கோ, அந்த டீமின் ஆள்தான் அம்பயராக நிற்பான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். ரன் அவுட்டில் பேட்ஸ்மேன் பாதி பிட்ச்சில் நின்றாலும் கூசாமல் 'நாட் அவுட்' என்பார்கள்.

கரியப்பன் அப்படிச் சொல்ல மாட்டான். அவனுக்கு பேட்டிங் சுமார், பந்துவீச்சு அதைவிட மோசம். அதனால் எப்போதும் அவனையே அம்பயராக நிறுத்துவோம். சண்டை வந்தால் பந்தை வாங்கி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். கன்னடத்தில் திட்டுகிறவனிடம் கன்னடத்திலும் தெலுங்கில் கத்துகிறவனிடம் தெலுங்கிலும் மெதுவாகப் பேசுவான். "ரெண்டு பேரும் கை குடுங்க, பந்து தரேன். எனக்கொண்ணும் அவசரமில்ல" என்பான். வெயிலில் எவ்வளவு நேரம்தான் நிற்பது? கை கொடுத்துவிடுவார்கள். நானே மூன்று தடவை பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்திருக்கிறேன்.

அந்த வருட ஃபைனலில் எங்கள் சூப்பர்வைசர் மோகன்குமார் பேட்டிங். காண்ட்ராக்ட் ஆட்களில் இரண்டு பேரை பர்மனென்ட் ஆக்க அந்த வாரம்தான் பெயர் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர். என் பெயரையும் கரியப்பன் பெயரையும் எழுதுவதாகச் சொல்லியிருந்தார். கடைசி ஓவர், எட்டு ரன் வேண்டும். நான் எதிர்முனையில், கரியப்பனுக்குப் பக்கத்தில் நின்றேன். பந்து மோகன்குமாரின் பேட்டை உரசிக்கொண்டு கீப்பர் கைக்குப் போனது. சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கரியப்பன் கை தூக்கிவிட்டான்.

மோகன்குமார் பேட்டைத் தரையில் ஓங்கி அடித்தார். "எந்த டீம்டா நீ? கூலிக்கார நாயே, பட்டுச்சாடா?" என்று ஆரம்பித்து அவன் அம்மா வரைக்கும் இழுத்தார். எதிர் டீம் ஆட்கள் அவரை அடிக்கப் பாய்ந்தார்கள். கரியப்பன்தான் குறுக்கே விழுந்து தடுத்தான். திட்டு வாங்கியவனே சமாதானமும் செய்ய வேண்டியிருந்தது.

"பட்டுது சார். வெளிய போங்க, மேட்ச் முடியட்டும்."

அவர் என்னிடம் திரும்பினார். "அழகர்சாமி, நீயும் அங்கதான நின்ன? சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கல சார்."

தூ! உண்மையைச் சொல்ல எனக்கு வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் ஊரைக் கூட்டுகிறவன் நான்.

லிஸ்ட் வந்தது. அழகர்சாமி, தினேஷ்குமார். தினேஷ்குமார் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கரியப்பனுக்கு ஆறு வருடம். அடுத்த மாதம் 'ஆள் அதிகம்' என்று சொல்லி அவனை நிறுத்திவிட்டார்கள்.

அன்று பஸ் ஸ்டாப்பில் அவனைப் பிடித்தேன். "வாடா, அந்தாளு சட்டையப் புடிச்சுக் கேப்போம்" என்று கத்தினேன். அவன் அசையவில்லை. "எனக்கும் கேட்டுச்சுடா அன்னைக்கி" என்றேன்.

"தெரியும். எனக்குக் கேட்டது பக்கத்துல நின்ன உனக்குக் கேக்காதா?"

"அப்ப என்னய ஏன்டா திட்டல? திட்டுடா!"

"என்னாத்துக்குத் திட்டறது? உனக்கும் வேல வேணுமில்ல" என்றான்.

கெலமங்கலம் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டான். ஓங்கி அறைந்திருந்தால் திருப்பி அறைந்திருப்பேன். இதற்கு நான் என்ன செய்ய?