சரியாக்காம் என்று சொல்லாத கவுன்சிலர்

எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்க வராது. பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். தாளம் போடச் சொன்னால் அதையும் தப்பாகத்தான் போடுவேன். ஆனால் இந்த மலையாள ஊரில் லத்தீன் ஜாஸ் உயிரோடு இருப்பதில் எனக்கும் பங்கு உண்டு. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் கடை மாடியில் ஐந்து பேர் ஞாயிறுதோறும் வாசித்தார்கள். கியூபா பக்கத்துத் தாளத்துக்குள் டிரம்பெட்டும் கீபோர்டும் புகுந்து விளையாடும். கொங்கா மேளத்தில் அடி விழுந்தால் கீழே எவர்சில்வர் தட்டுகள் அதிரும். முதலில் ஏழெட்டுப் பேர் கேட்க வந்தார்கள். பிறகு மாடிப்படியிலும் இடமில்லை. கட்டடத்துச் சொந்தக்காரர் சுவரில் விரிசலைக் காட்டி, இனி கூடாது என்றுவிட்டார். நிலையான இடம் கிடைக்காவிட்டால் கொச்சிக்குப் போய்விடுவோம் என்றார்கள் டிரம்பெட் வாசிக்கும் பெண்ணும் கீபோர்டுக்காரரும். அவர்கள் போனால் குழுவே இல்லை.

எங்கள் வார்டில் கம்யூனிட்டி ஹால் ஒன்று பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்டுக் கவுன்சிலரிடம் மனு கொடுத்தேன். வலியசாலைத் தமிழ் வீட்டுப் பெண்தான் அவர். "சரியாக்காம் அண்ணாச்சி" என்றார். செய்து தருகிறேன் என்று பொருள். எப்போது என்பது மட்டும் அதில் இருக்காது. நானும் விடவில்லை. தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் இடம் பிடித்து நடத்திய ஒவ்வொரு கச்சேரிக்கும் அவரை அழைத்து, மேடையில் நடு நாற்காலி போட்டு, பொன்னாடை போர்த்தி, "ஹால் வாங்கித் தரப்போகும் நம் கவுன்சிலர்" என்று மைக்கில் புகழ்ந்தேன். பொன்னாடைகள் போயின, ஹால் வரவில்லை.

பொறுமை போய், சண்டை போடுவதற்கென்றே வார்டு சபைக்குப் போனேன். வார்டு ஜனங்கள் கூடிக் கேள்வி கேட்கிற கூட்டம் அது. "எங்க ஃபைல் எங்கே கிடக்கு?" என்று எழுந்து கேட்டேன். கமிட்டி, எஞ்சினியர் என்று ஏதாவது சாக்கு வரும். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

மலையாளத்தில் நடந்த கூட்டத்தில் கவுன்சிலர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "ஃபைல் எங்கேயும் போகலை அண்ணாச்சி. என் மேசையிலதான் இருக்கு. நான்தான் அனுப்பலை."

அதையே சபைக்கு மலையாளத்திலும் சொல்லிவிட்டு, மறுபடி என் பக்கம் திரும்பினார். "சத்தமா இருக்கும்னு ஹால் பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளெயிண்ட் சொன்னாங்க. ஓட்டு போயிடும்னு பயந்துட்டேன். முடியாதுன்னு உங்ககிட்ட சொல்லவும் தைரியம் வரலை. ஓரோ தடவையும் பொன்னாட போர்த்தினா நான் எப்படிச் சொல்வேன்? பட்சே தப்பு என்னோடதுதான்."

என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. இத்தனை வருடம் ஓட்டுப் போட்டிருக்கிறேன். அரசியலில் இருப்பவர் வாயிலிருந்து 'பயந்துட்டேன்' என்று கேட்டது அன்றுதான். வெட்கமாகவும் இருந்தது. அவர் வாயை அடைத்ததில் பாதி என் கைங்கரியம். "புகழ்ந்தா காரியம் நடக்கும்னு நினைச்சேன். என் மேலயும் தப்பு உண்டு" என்று சபையிலேயே சொன்னேன்.

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாயிற்று. புகார் சொன்ன வீட்டுக்காரர்களில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுந்தார். "நாலு மணி முதல் ஆறு வரை மதி, அவ்வளவு போதும். ஜன்னல் அடச்சிருக்கணும்" என்றார். கைகள் உயர்ந்தன. ஃபைல் மறுநாளே மேசையை விட்டுக் கிளம்பியது. அடுத்த மாதம் சாவி என் கைக்கு வந்தது.

முதல் ஞாயிறு ஹால் நிரம்பி வழிந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துக் கேட்டார்கள். டீச்சரே எழுந்து நின்று கைதட்டினார். நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன. மேடையில் யாருக்கும் நாற்காலி போடவில்லை. கவுன்சிலர் கடைசி வரிசையில் இருந்தார். முடிந்ததும் ஓடிப்போய், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லட்டா அண்ணாச்சி? எனக்கு ஒண்ணும் பிடிபடலை. தலை வலிக்குது," என்றார். "பட்சே வந்தவங்க முகத்தைப் பாருங்க. அடுத்த ஞாயிறும் ஹால் உங்களுக்குத்தான், கேட்டோ."

தலை வலிக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்பவரின் வாக்கை நம்பலாம். டிரம்பெட் பெண்ணிடம் போய், கொச்சிப் பேச்சை இனி விட்டுவிடு என்றேன்.

"வார்டு சபை முடிஞ்ச அன்னைக்கே விட்டாச்சு அண்ணாச்சி" என்றார்.