நீர் அடைத்துக்கொண்ட நாள்

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய கோடை. கோரிப்பாளையத்தில் எனக்குக் கயிற்றுக் கடை. அலங்காநல்லூர்ப் பக்கம், பழகிய வெள்ளாமைச் சம்சாரி ஒருவரின் தோட்டத்துக்குக் கமலைக் கயிறு கொண்டு போயிருந்தேன். வயது அப்போதே அறுபதை நெருங்கிவிட்டது.

வெகு நாளாகவே எனக்கு மூத்திரம் சரியாகப் போகவில்லை. முக்கினால்தான் வரும். நூலாக வரும். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டும். கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொழுகையில் நின்றால் கைலியில் சொட்டும். சொட்டினால் ஒளு முறிந்துவிடும். அந்த வெட்கத்தில் பள்ளிவாசலுக்குப் போவதையே நிறுத்தினேன். தொழுகையை விட்டவன் என்று பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன். மனைவியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. சூடு என்று நானே முடிவு கட்டி, கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். மடத்தனம்.

அன்று விடிந்ததிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. அப்போதும் புத்தி வரவில்லை. தோட்டத்தில் இளநீர் குடித்தேன், மோர் குடித்தேன். கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றிலிருந்து சால் மேலே வந்து கவிழும், தண்ணீர் வாய்க்காலில் சளசளவென்று ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி வேப்பமரத்தடியில் கிடந்தேன். அடிவயிறு கல்லாகிவிட்டது. மாடும் வயலும் வானமும் தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் ஆடின.

சம்சாரி வந்து பார்த்தார்.

"என்ன பாய், வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்க?"

"சூடுண்ணே. இன்னொரு செம்பு மோர் குடுங்க, சரியாப் போகும்."

"மூத்திரம் போனியா?"

நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

"வாயைத் தொறந்து சொல்லுய்யா!"

"விடிஞ்சதுல இருந்து இல்லண்ணே."

"அம்புட்டையும் குடிச்சுப்பிட்டு எங்கய்யா வச்சிருக்க? என் மயிலைக்காளை இப்படித்தான் அடைச்சு, உள்ளயே வெடிச்சுச் செத்துச்சு. அதுக்கு வாய் இல்ல. உனக்கு என்ன கேடு? ஏறு வண்டியில, பெரியாஸ்பத்திரிக்கு!"

வைக்கோல் மேல் கிடந்தேன். வண்டி பொட்டலில் போனது. கானல் எழுந்து வெளியெல்லாம் ஏரியாக மினுங்கியது. பனைமரங்கள் தலைகீழாக அதில் மிதந்தன. மாடுகள் அந்த ஏரிக்குள் இறங்கப் போகின்றன, நானும் கரைந்துவிடுவேன் என்று தோன்றியது. வலி என்னை விட்டுக் கழன்று, வண்டிக்குப் பின்னால் நடந்து வருவதுபோல் இருந்தது. நான் கண்ணை மூடும்போதெல்லாம் சம்சாரி திரும்பித் திரும்பித் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரப்பர் குழாயை உள்ளே விட்டார். பீங்கான் பாத்திரம் நிரம்பி, இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். உலகம் மெல்லத் தன் இடத்துக்கு வந்து நின்றது. மூத்திரப் பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறதாம். வயதாக ஆகச் சிலருக்கு அது பெருத்து வழியை நெரிக்குமாம். "முக்க ஆரம்பிச்சப்பவே வந்திருக்கணும் பாய். இன்னும் விட்டிருந்தா கிட்னி கெட்டிருக்கும்" என்றார். பிறகு ஆபரேஷன் செய்து அதை எடுத்தார்கள்.

இப்போது கயிறு விற்கப் போகும் உசிலம்பட்டிச் சந்தையில் நரைத்த தலை எவனாவது அடிக்கடி வேலியோரம் ஒதுங்கினால் நேராகக் கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒருத்தர் அடிக்கவே வந்தார். அவரே அடுத்த சந்தையில் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார். வயதானால் அப்படித்தான் என்று எவனாவது சொன்னால், சம்சாரி பொட்டல் நெடுக என்னைத் திட்டியே உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தது நினைவுக்கு வந்து, எனக்கும் அதே கோபம் வருகிறது.