வியாழக்கிழமை ஒடிந்த ஊசி

போன வருடம் ஆடி மாதம், திருப்பூரில் நடந்தது இது. கர்நாடக இசைக்கென்றே இயங்கும் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் நான் ஒலிப்பதிவுப் பொறியாளர். ஆள் குறைவு என்பதால் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' அறிவிப்பை எழுதிப் பதிவு செய்வதும் என் வேலைதான். திங்கள் வீணை, செவ்வாய் நாகஸ்வரம், வியாழன் குழந்தைகள் கச்சேரி, ஞாயிறு மாலை ராயபுரத்து மண்டபத்தில் நேயர் சந்திப்பு என்று வரிசையாகச் சொல்லி முடிப்பேன். தினமும் காலை பதினொரு மணிவாக்கில் அது ஒலிபரப்பாகும். கச்சேரிக்குக் காத்திருக்கும் நேயர்கள் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் விளம்பரம் ஒன்று கூடுதலாக வந்ததால் அறிவிப்பை விட்டுவிட்டோம். உடனே நிலையத்துக்குப் போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"ஏனுங்க மேடம், இன்னைக்கு என்னாச்சுங்க? அடுத்து என்ன போடுவீங்கன்னு சொல்லவே இல்லீங்களே."

எந்த நிகழ்ச்சி உங்களுக்குப் பிடிக்கும் என்று ஆர்வமாகக் கேட்டேன்.

"எல்லாமே புடிக்குமுங்க. ஆனா ஒண்ணுகூடக் கேட்டதில்லீங்க."

அடுத்த கேள்வி கேட்பதற்குள் பின்னால் பெரிய இரைச்சல் கிளம்பியது. போன் துண்டானது.

அந்தப் பதில் என்னை விடவில்லை. இருக்கக்கூடிய காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன்: ரேடியோ பழுது, அலைவரிசைக் கோளாறு, விளையாட்டுக்கு வந்த அழைப்பு. ஒன்றும் பொருந்தவில்லை. மறுநாள் அதே நேரத்தில் அந்த எண்ணுக்கு அழைத்து இடத்தைக் கேட்டுக்கொண்டேன். அடுத்த நாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊர் ஓரத்து மண்ணரைக்குப் போனேன்.

ஏற்றுமதிக்குக் குழந்தைகள் உடை தைக்கும் யூனிட் அது. காலையில் சாமி பாட்டுக்காக எங்கள் நிலையத்தை ஸ்பீக்கரில் வைப்பார்களாம். பிறகு யாரும் மாற்றுவதில்லை. நான் போனபோது ஸ்பீக்கர் பாடிக்கொண்டுதான் இருந்தது. தையல் மிஷின்களின் சத்தத்தில் ஒரு ஸ்வரம்கூடக் காதில் விழவில்லை. டீ இடைவேளை மணி அடித்தது. மிஷின்கள் நின்றன. மேலேயிருந்து என் குரல் தெளிவாக வந்தது: "நேயர்களே, வரவிருக்கும் நிகழ்ச்சிகள்."

டீ குடித்து முடிப்பதற்கும் அறிவிப்பு முடிவதற்கும் சரியாக இருந்தது. கச்சேரி தொடங்கும்போது மிஷினும் தொடங்கிவிடும். அந்த ஹாலில் எங்கள் கச்சேரி எதையும் யாரும் கேட்டதில்லை. ஆனால் அடுத்த வாரம் யார் என்ன பாடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதல் மிஷினில் தைக்கும் பீகார் இளைஞர் தமிழ் சரியாக வராமலே என் அறிவிப்பை என்னைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினார். எப்போதும் சிடுசிடுக்கும் சூப்பர்வைசருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர், என் அறிவிப்பில் கேட்ட ராகம்: ஆனந்தபைரவி. அவருக்கும் அது தெரியும் போலிருந்தது.

போன் செய்தவர் சேவூரிலிருந்து வருகிறவர். சட்டைக்குக் கை இணைக்கும் மிஷினில் உட்காருகிறார். "வர்ற வியாழக்கெழம எம்புள்ள பாடுறாளுங்க" என்றார். எனக்கு நினைவு வந்தது. பள்ளி ஆசிரியை அழைத்து வந்த எட்டாம் வகுப்புப் பெண். நானே பதிவு செய்த பாட்டு.

பதிவைப் போனுக்கு அனுப்புகிறேன் என்றேன்.

"ஊட்டுல தெனமும் கேக்கறதுதானுங்க அம்மிணி. இவங்க கேக்கோணும். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

பக்கத்து மிஷின் பெண் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "இவ தாலாட்டுப் பாடுனா தொட்டில்ல இருக்கற கொழந்த எந்திரிச்சு ஓடிப்போயிரும். இவளுக்குப் பொறந்தது ரேடியோவுல பாடுதாக்கும்?"

எனக்கு இது எளிய கணக்காகத் தெரிந்தது. நிலையப் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, அந்த வியாழக்கிழமைக்கு மட்டும் அறிவிப்பையும் குழந்தைகள் கச்சேரியையும் இடம் மாற்றினேன். அவர்கள் கேட்பதைப் பார்க்க நானும் போனேன்.

போனால், அன்று இடைவேளையே இல்லை. சாயங்காலம் கண்டெய்னர் கிளம்ப வேண்டும் என்று டீயை மிஷினுக்கே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டுக்காக லைன நிறுத்துனேன்னு ஓனருகிட்டச் சொல்ல முடியுமுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. நிலையத்துக்குச் சொல்லிப் பாட்டைத் தள்ளி வைக்கலாம் என்றால், வெளியாள் என்று என் போனை வாசலிலேயே வாங்கி வைத்திருந்தார்கள்; போய் வாங்கி வர நேரமில்லை.

கடிகாரத்தைப் பார்த்துத்தான் பாட்டு தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அந்த அம்மா ஒருமுறை ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த துணியை எடுத்தார்.

அப்போது முதல் மிஷினில் ஒரு கை உயர்ந்தது. "அண்ணா, நீடில் ஒடஞ்சி போச்சி."

குழந்தை உடையில் ஊசித் துண்டு சிக்கினால் ஆபத்து. அதனால் அந்த யூனிட்டில் ஒரு விதி உண்டு. ஒடிந்த துண்டு முழுதாகக் கிடைக்கும்வரை எந்த மிஷினும் ஓடக்கூடாது. சூப்பர்வைசர் அந்த இளைஞரைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"எல்லாரும் நிறுத்துங்க. தேடுங்க."

சத்தம் அடங்கியது. தம்புராவும், அதன் மேல் அந்தப் பெண்ணின் குரலும் ஹால் முழுக்க நிறைந்தன. எல்லோரும் மிஷினுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். அந்த அம்மா மட்டும் குனியவில்லை. தைக்காத ஒரு சின்னச் சட்டைக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மேல் ஸ்தாயியில் அந்தப் பெண் ஓர் இடத்தில் தடுமாறிப் பிடித்துக்கொண்டபோது, மேஜைக்கடியிலிருந்து பக்கத்து மிஷின் பெண்ணின் குரல் வந்தது: "ஏம்புள்ள, நெசமாலுமே உம்மகதானா?"

"பேசாம கேளுக்கா."

பாட்டு முடிந்தது. தம்புராவும் நின்ற பிறகு, மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் மெல்ல எழுந்தார். கை மூடியிருந்தது.

"கெடச்சிருச்சு. ஓட்டுங்க."

கிடைத்த துண்டுகளை ஓர் அட்டையில் ஒட்டி வாசல் மேஜையில் வைப்பார்கள். எதையும் சரிபார்த்த பிறகே நம்புவது என் படிப்பு தந்த பழக்கம். அன்று அந்த மேஜையைத் தாண்டும்போது மட்டும் அட்டையைப் பார்க்காமல் வந்தேன். இப்போதும் அறிவிப்பை வாசிக்க மைக் முன்னால் உட்காரும்போதெல்லாம், அன்று ஊசி உண்மையிலேயே ஒடிந்ததா, அந்த மூடிய கைக்குள் துண்டு இருந்திருக்குமா என்று யோசிக்கிறேன். இருந்திருக்கக் கூடாது என்றுதான் மனம் ஆசைப்படுகிறது.