கட்டிவைத்த செடிகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு நீலம் போடும் வேலை. வெள்ளை விரிப்புகளைக் கடைசித் தொட்டியில் நீலத்தில் முக்கி எடுக்க வேண்டும். விரல் இடுக்கில் அந்த நிறம் விடுமுறையன்றும் போகாது. தெருவில் அவளுக்கு ‘நீலக்கை’ என்றே பெயர்.

வீட்டுக்குப் பின்னால் அவள் வளர்ப்பது லூப்பின். அவரை இனத்துச் செடி. விரித்த கைபோல இலை, இடுப்பு உயரத்துக்குக் கதிர்கதிராகப் பூ. அவளுக்கு வேண்டியது கருஞ்சிவப்பு. லூப்பினுக்கோ நீலத்தின் மேல்தான் கண். சிவப்புச் செடியின் விதையைப் போட்டாலும் பெரும்பாலும் நீலமே வரும். கல்லாய்க் கிடக்கும் விதையை நகவெட்டியால் கீறி ஊறவைப்பாள். உப்பியதை மட்டும் விதைப்பாள். மொட்டு நிறம் காட்டியதும், தேனீ வருமுன், வேண்டாததைப் பிடுங்கி எறிவாள். பல வருஷம் இப்படிக் கழித்துக் கழித்து, இந்த முறைதான் நினைத்தது வந்திருந்தது. எத்தனை முறை வெளுத்தாலும் விரிப்பில் தங்கிவிடுமே ஒரு ரத்தக்கறை, அந்தச் சிவப்பு. ஒரே செடி. சுமாரான சிவப்பாக இன்னும் சில. அவற்றுக்கெல்லாம் கம்பளி நூல் கட்டிவைத்தாள். கட்டாத நீலங்களை மாலையில் வந்து பிடுங்க வேண்டும்.

கணவன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி வீட்டில் இருக்கமாட்டான். சமீபத்தில் அவன் தங்கை வந்து சேர்ந்திருந்தாள். நாற்றுப்பண்ணையில் வேலை போனவள். உப்பு டப்பாவை எங்கே வைப்பது என்பதில்கூட இருவருக்கும் மோதல். முந்தின நாள் பேச்சே நின்றுபோயிற்று. காலையில் நாத்தனார்தான் இறங்கிவந்தாள்.

“அண்ணி, தோட்டத்துல பிடுங்க வேண்டியத இன்னிக்கு நான் பாத்துக்கறேன். நீங்க வந்து முதுகு ஒடிய வேணாம்.”

“சரி.”

திரும்பி வந்த பேச்சை விளக்கம் சொல்லிக் கெடுக்க அவளுக்கு மனமில்லை. பஸ்ஸுக்கு ஓடினாள்.

சலவைக்கூடத்தில், மடிக்கிறவள் ஒரு கிழிந்த விரிப்பின் நுனியில் முடிச்சுப் போட்டு ஓரமாக எறிந்தாள். முடிச்சு என்றால் கழிவு. நீலக்கையின் கை தொட்டிக்குள் அப்படியே நின்றது. நாத்தனார் வந்த புதிதில் சொன்ன பண்ணைக் கதை நினைவுக்கு வந்தது: “எங்க மேஸ்திரி நூல் கட்டிட்டா அந்தச் செடி கதை முடிஞ்சுது. கட்டினத பிடுங்கிப் போடறதுதான் என் வேலை.”

போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மண் கையோடு யார் எடுப்பார்கள்?

மேற்பார்வையாளரிடம் போனாள். “நான் வீட்டுக்குப் போகணும் சார்.”

“யாருக்கு என்ன?”

“செடிக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “செடிக்கா? ஜுரமா?”

“நாளைக்கு ரெண்டு தொட்டியும் நானே பாக்கறேன் சார்.”

“போ. நாடி புடிச்சுப் பாத்துட்டு வா.”

பஸ் ஒரு குப்பை லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது. லூப்பினுக்கு ஆணிவேர்; கேரட் மாதிரி நேரே இறங்கும். பிடுங்கினால் முறியும், முறிந்ததைத் திரும்ப நட்டால் பிழைக்காது. வேலிப்பக்கம் தொடங்கியிருந்தால் கருஞ்சிவப்பு கடைசியில் வரும். கதவுப்பக்கம் என்றால் அதுதான் முதல். நாத்தனார் எதையும் எங்கிருந்து தொடங்குவாள் என்று யோசித்தாள். ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை.

தோட்டம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நீலங்கள் ஒவ்வொன்றுக்கும் குச்சி ஊன்றித் தண்ணீர் விட்டிருந்தது. தேனீக்கள் வந்துவிட்டிருந்தன.

“சீக்கிரம் வந்துட்டீங்க?” நாத்தனார் சிரித்தாள். “களையும் எடுத்துட்டேன். கட்டினதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அண்ணி கட்டினா ஏதாவது காரணம்...” முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

சுவரோரக் குவியலில் கருஞ்சிவப்பு அடியில் கிடந்தது. வேர் பாதியில் முறிந்திருந்தது. நூல் அவிழாமல் இருந்தது.

“வச்சுக்கறதுக்கா கட்டினீங்க?”

அவள் குவியலுக்குள் கைவிட்டு அந்தச் செடியை உருவினாள்.

“சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“நீ கேட்டிருக்கலாம்.” மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “பிளேடு எடுத்துட்டு வா. புதுசு.”

அடித்தண்டைச் சுற்றித் தளிர்கள் இருந்தன; வெட்டி நட்டால் வேர் பிடிக்கலாம். பூக்கும் பருவத்தில் பெரும்பாலும் அவை உள்ளே ஒன்றுமில்லாமல் குழலாகிவிடும். குழலானது வேர் விடாது. ஒன்றை வெட்டினாள். குழல். இன்னொன்று. அதுவும் குழல்.

“இன்னும் கீழ வெட்டுங்க. அடிக்கட்டையில கொஞ்சம் சேத்து எடுங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் மேலயே வெட்டறீங்க? குடுங்க.”

பிளேடைக் கொடுத்தாள். நாத்தனார் அடிக்கட்டையோடு சேர்த்து வெட்டினாள். உள்ளே கெட்டியாக இருந்தது. சுண்டுவிரல் நீளத்தில் மூன்று தேறின. மணல் கலந்த மண் போட்ட சின்னப் பூந்தொட்டியில் நட்டு, நிழலில் வைத்து, மேலே கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தார்கள்.

பிறகு ஒரு தளிர் கறுத்தது. அடுத்து இன்னொன்று. மூன்றாவது வாடாமலும் வளராமலும் நின்றது. உப்பு டப்பா எங்கே இருந்தாலும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்புமுன், நீலக்கை ஜாடியை எடுத்துவிட்டுத் தளிரை இரு விரலால் பிடித்தாள்.

“இழுக்காதீங்க அண்ணி.”

“இழுக்காம எப்படித் தெரியும்?”

“தெரியாமலே இருக்கட்டுமே இன்னும் கொஞ்ச நாள்.”

மெல்ல இழுத்தாள். கையோடு வரவில்லை. அடியில் ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது.

விரலை எடுத்தாள். நாத்தனார் தொட்டியைத் தூக்கித் தன் ஜன்னலில் வைத்துக்கொண்டாள். நீலக்கை அதில் நூல் எதுவும் கட்டவில்லை.