பூஜையில் வைத்த ரிவால்வர்

2003 வாக்கில் நடந்தது இது. அப்போது நாங்கள் புனேயில் வானவடியில் குடியிருந்தோம். கோயமுத்தூரிலிருந்து வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவர் போசரியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். சனிக்கிழமை என்றால் வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்து வந்து ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும். அந்த வட்டாரத்தில் ஒரு பட்டறைக்காரரை யாரோ வழிமறித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து இவருக்கு ரிவால்வர் வாங்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

பயம் என்று அவர் சொன்னார். ஆசை என்று நான் சொல்கிறேன். அவருடைய நண்பர் ஒருவர் ஏற்கெனவே ரிவால்வர் வைத்திருந்தார். ஒரு கல்யாண வரவேற்பில் அவர் கோட்டை லேசாக விலக்கி இடுப்பைக் காட்டினார். அதை என் வீட்டுக்காரர் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். நகைக்கடை ஜன்னலை நான் அப்படிப் பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்கு என்னைக் கேலி செய்திருப்பார்.

அந்த நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய அப்பா காலத்திலேயே ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்காக வந்துவிட்ட குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதிக்குப் பாதி இந்தி கலந்திருக்கும். என்னை 'பாபி', அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர்தான். ஆனால் துப்பாக்கி என்று பேச்செடுத்தால் உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது போல் பேசுவார். லைசென்சுக்கு எங்கே மனு போடுவது, யாரைப் பார்ப்பது, எந்தக் கடை நல்ல கடை, எல்லாம் அவர் யோசனைப்படிதான் நடந்தது.

போலீஸ் விசாரணைக்கு ஒருவர் வந்தார். எதிர் வீட்டில் கேட்டார், மாடி வீட்டில் கேட்டார், வாட்ச்மேனிடம்கூடக் கேட்டார். இவர் குடிப்பாரா, சண்டைக்காரரா, கோபக்காரரா என்று ஊரெல்லாம் விசாரித்தவர், இவரோடு குடும்பம் நடத்துகிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் கேட்டது குடிக்கத் தண்ணீர் மட்டும்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கோபக்காரர் இல்லை, ஆனால் மறதிக்காரர், கேஸ் அடுப்பை மூடினோமா என்று நான்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

லைசென்ஸ் வந்ததும் புனேயில் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். நண்பர் சொல்லி அனுப்பிய கடை. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார். புதிதாக வாங்க வரும் தம்பதிகளுக்குச் சொல்வதற்கென்றே அவர் மனப்பாடமாக வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது போலிருக்கிறது. குண்டு, தூரம், விசை என்று விஷயமுள்ளதை எல்லாம் இவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிக் கைப்பிடி கறுப்பில் வேண்டுமா, மர நிறத்தில் வேண்டுமா என்று கேட்டார். சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்க வந்தவளிடம் கேட்பது போல் கேட்டார்.

நான் நிறம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டேன். உள்ளே குண்டு இருக்கிறதா, காலியா என்று எப்படித் திறந்து பார்ப்பது? அவ்வளவுதான். இதை வீட்டில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க இருக்கப்போவது நான். அது என் பீரோவில்தான் இருக்கப்போகிறது. இதைக் கேட்பது தப்பா?

கடைக்காரர் சிரித்தார். என் கணவரைப் பார்த்து, "பாபிஜி ரொம்ப பயப்படுறாங்க சார்" என்கிற மாதிரி இந்தியில் ஏதோ சொன்னார். லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் இதை வைத்துக்கொள்ளலாம், நீங்கள் தொட வேண்டிய அவசியமே வராது, நிம்மதியாக இருங்கள் என்று எனக்குச் சமாதானம் சொன்னார். நான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்தும் கேட்டேன். "நீ தொடவே போறதில்ல, உனக்கு எதுக்கு அந்தக் கவலை?" என்றார். பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் அது பெரிய பூஜை. பட்டறையில் காலையிலேயே முடித்துவிட்டு, வீட்டில் சாயங்காலம் வைப்போம். ஹாலில் பலகை போட்டு, என் தையல் மெஷின், மகளுடைய பாடப் புத்தகங்கள், அரிவாள்மணை, அவருடைய அளவுக் கருவிகள், ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக வைப்பேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் வெறுமையாகச் சாமி முன்னால் வைக்கக் கூடாது. படி வைத்தால் அதில் அரிசி நிரப்ப வேண்டும். குடம் வைத்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். மகளுடைய டிபன் டப்பாவைக்கூட ஒரு பிடி சர்க்கரை போட்டுத்தான் வைத்தேன். இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அடுப்படிக்குப் போய்ச் சுண்டல் தாளித்துவிட்டு வருவதற்குள் பலகையில் ரிவால்வர் உட்கார்ந்திருந்தது. சந்தனப் பொட்டு, குங்குமம், மேலே ஒரு சாமந்திப் பூ. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் அதுவும் ஆயுதம்தானே, ஆயுத பூஜைக்கு வைக்காமல் வேறு எப்போது வைப்பது என்று அவர் கேட்டார். கற்பூரம் காட்டினோம். கும்பிட்டோம்.

நண்பரும் அவர் மனைவியும் வந்தார்கள். மகள் கீழ் வீடுகளுக்குச் சுண்டல் கொடுக்கப் போயிருந்தாள். என் கணவர் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து மோர் ஜாடியை எடுத்தேன். எங்கள் ஃப்ரிட்ஜ் ஹாலின் ஓரத்தில்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால், நண்பர் பலகைக்குக் குனிந்து ரிவால்வரைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஏனுங்க, பூஜைல வெச்சத நாளைக்குப் புனர்பூஜை முடிச்சுத்தான் எடுக்கோணும்" என்றேன்.

அவர் கேட்டது போலவே இல்லை. எப்படிக் குறி பார்ப்பது என்று தன் மனைவிக்கும் எனக்கும் காட்டப்போவதாகச் சொன்னார். "அதுல குண்டு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. எதுக்கும் அவரக் கேட்டுக்குங்க" என்றேன்.

"அரே பாபி, சாமி கிட்ட வெக்கிற சாமானை யாராச்சும் லோட் பண்ணி வெப்பாங்களா?" என்று சிரித்தார்.

நான் ஜாடியோடு அடுப்படிப் பக்கம் திரும்பினேன். வாசலுக்குக் குரல் கொடுத்து இவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் வெடித்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஹால் முழுக்கப் புகை நெடி. ஜாடி கீழே விழுந்து மோர் காலெல்லாம் ஓடியது. நண்பரின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃப்ரிட்ஜ் கதவில் என் மார்பு உயரத்தில் ஒரு ஓட்டை. நான் ஜாடியை எடுக்கும்போது எந்த இடத்தில் நின்றேனோ அதே இடம். பிறகு திறந்து பார்த்தபோது குண்டு கதவைத் துளைத்து, இட்லி மாவுப் பாத்திரத்தை நசுக்கி, மாவுக்குள் கிடந்தது.

எனக்கு முதலில் என் நினைப்பு வரவில்லை. என் மகள் நினைப்புதான் வந்தது. அவள் வீட்டில் இருந்தால் எந்நேரமும் அந்த ஃப்ரிட்ஜ் முன்னால்தான் நிற்பாள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன தின்னலாம் என்று யோசிப்பாள், நான் திட்டுவேன். அவள் சுண்டல் தட்டோடு மாடிப்படி ஏறி வந்து, தசராவுக்கு யார் பட்டாசு வெடித்தது என்று கேட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

என் கணவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஏன் குண்டு போட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"எதையும் வெறுமையா சாமி முன்னாடி வெக்கக் கூடாதுன்னு நீதான சொல்லுவ."

படியில் அரிசி நிரப்பியது போல அவர் அதில் குண்டு நிரப்பியிருக்கிறார். பக்தியோடு நிரப்பியிருக்கிறார். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும், நான்தான் தொடவே போவதில்லையே!

அந்த நண்பர் தண்ணீர் குடித்துத் தெளிந்ததும், "நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்றார். அது பரவாயில்லை. கூடவே, "நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாபி" என்றார். சொன்னேனே ஐயா! இரண்டு தரம் சொன்னேனே! அவர் மனைவி மட்டும் தலையைத் தூக்கி, "அவங்க சொன்னாங்க, நீதான் கேக்கல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த அம்மாவை நான் இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

விஷயத்தை வெளியே விட வேண்டாம், அமுக்கிவிடலாம் என்றார் நண்பர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இது இந்த வீட்டில் இருந்தால் நானும் மகளும் இருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். அன்று நான் போட்ட சத்தத்தில் என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். என் கணவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். முடிவில் அங்கிருந்த அதிகாரி என்னைப் பார்த்து, வீட்டில் இருக்கும் பெண்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பதா, மேஜையைக் கவிழ்ப்பதா என்று தெரியவில்லை.

ரிவால்வரை அதே கடையில் ஒப்படைத்து வைக்கப் போனோம். கடைக்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அதைக் கையில் வாங்கியதும் மேலே இருந்த தாழ்ப்பாளை விரலால் விடுவித்து, முன்பக்கமாக மடக்கினார். குண்டு போடும் அறைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. காலி. பெண்கள் தலையில் கிளிப் மாட்டும் நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதானா என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. இந்தச் சின்ன விஷயத்தைத்தான் எனக்குக் காட்டவில்லை.

அப்போது கடையில் இன்னொரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். இளசுகள், மராட்டிக்காரர்கள். ஹிஞ்சவடி பக்கம் கம்பெனிகளுக்கு நிலம் விற்றவர்கள் போலிருந்தது. பையன் விரலில் பெரிய மோதிரம். அவன் முன்னால் ரிவால்வர்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் முன்னால் டீ இருந்தது. கடைக்காரர் எங்கள் வேலையை முடித்துவிட்டு அவர்களிடம் திரும்பி, அந்தப் பெண்ணிடம் கைப்பிடி நிறத்தைக் கேட்டார். அதே கேள்வி. அதே சிரிப்பு.

என்னால் பொறுக்க முடியவில்லை. என் கணவர் என் சேலையைப் பிடித்து இழுக்காத குறைதான். நான் அந்தப் பெண்ணிடம் போய் என் அரைகுறை மராட்டியில் சொன்னேன். நிறம் கிடக்கட்டும், காலியா இல்லையா என்று எப்படித் திறந்து பார்ப்பது என்று முதலில் காட்டச் சொல், உனக்குக் காட்டாமல் இதை வீட்டுக்குள் கொண்டுபோக விடாதே என்றேன். என் வீட்டு ஃப்ரிட்ஜில் ஓட்டை விழுந்த கதையையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது கடைக்காரரை நேராகப் பார்த்துத்தான் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு போய்விட்டது.

அந்தப் பெண் டீயைத் தள்ளிவைத்தாள். கடைக்காரரிடம், "தாகவா" என்றாள். காட்டுங்கள் என்று அர்த்தம். அவர் அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தார், அவன் சம்மதத்துக்காக. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மேஜை மேல் நீட்டியபடியே வைத்திருந்தாள். அவர் வேறு வழியில்லாமல் அவளுக்குத் திறந்து காட்டினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். என் கணவரும் எட்டிப் பார்த்தார்.

அந்த ரிவால்வரை நாங்கள் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரவேயில்லை. சில காலம் கழித்து முறைப்படி விற்றுவிட்டு லைசென்சையும் விட்டுவிட்டார். ஃப்ரிட்ஜை மட்டும் நான் மாற்ற விடவில்லை. ஓட்டையை அடைத்து, மேலே பிள்ளையார் படம் ஒட்டி, பல வருடம் ஓட்டினோம். வருகிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். என் கணவருக்கு மட்டும் அதன் பக்கம் போகும்போதெல்லாம் பேச்சு கொஞ்சம் குறையும்.

இப்போதும் ஆயுத பூஜைக்குப் படி நிறைய அரிசி வைத்துத்தான் கும்பிடுகிறேன். அந்த வழக்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. என் பயத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் கேள்வியை அப்படியே விட்டுவிட்டார்களே, அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கணவனும் மனைவியுமாக ரிவால்வர் வாங்கப் போகிறோம் என்று யாராவது என் காதுபடச் சொன்னால், அந்த மனைவியைத் தனியாக அழைத்து நான் சொல்வது ஒன்றுதான்: கேட்டதற்குப் பதில் கிடைக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே அம்மா, அது வந்து உட்காரப் போவது உன் பிள்ளை நடமாடும் வீட்டில்.